மூடிட்டா கோடே தெரியாதுங்க சார்

ஆறு மாதமாக ஒரு வாக்கியம் பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைச் சொன்னது வண்டிக்காரர் இல்லை. நான்தான்.

"மூடிட்டா கோடே தெரியாதுங்க சார்."

வண்டி 1970 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார், நாலு கதவு. சாருக்கு எழுபதைத் தாண்டிய வயது, வண்டி அவருடைய அப்பா வாங்கியது. இரண்டு வருடத்தில் மூன்று தடவை அந்த டேஷ்போர்டுக்கு அடியில் நான் மல்லாந்திருக்கிறேன். ஒரு தடவை பல்பு, ஒரு தடவை ஸ்பீடோமீட்டர் கேபிள். மூன்றாவது தடவை பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே மேலே ஏறி நின்றன. டேங்க் பாதிதான், முள் ஃபுல்லைத் தாண்டி நிற்கிறது. இஞ்சின் சூடே ஆகவில்லை, முள் சிவப்பில். ஒரு முள் மட்டும் பொய் சொன்னால் அந்த மீட்டரைப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் பின்னால் இருக்கும் ஸ்டெபிலைசரைப் பார்க்க வேண்டும். தீப்பெட்டியை விடச் சின்னத் தகர டப்பா. பேட்டரியின் 12 வோல்ட்டை விட்டுவிட்டுக் கொடுத்து, சராசரியாக 10 வோல்ட் ஆக்கி மீட்டர்களுக்கு அனுப்பும். டப்பாவின் உடம்புதான் அதற்கு எர்த். எர்த் ஸ்க்ரூ துருப்பிடித்துத் தளர்ந்தால் முழு 12 வோல்ட்டும் நேராகப் போய்விடும், முள் ரெண்டும் ஏறிவிடும். ஸ்க்ரூவைச் சுரண்டி முறுக்க ஒரு நிமிடம் போதும். அதற்குக் கை எட்ட ஒன்றரை மணி நேரம்.

எப்படி எட்டும் என்று செய்தவனுக்குத் தெரியும். முன் சீட்டைக் கழட்டி, காலைப் பின் சீட்டில் போட்டு, தலை பெடலுக்குப் பக்கத்தில். மணிக்கட்டு வரைதான் உள்ளே போகும். மீட்டரைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் பட்டையின் நட்டை விரல் நுனியால் கண் பார்க்காமல் திருக வேண்டும். அது கழன்று நழுவி ஒயர்களுக்குள் எங்கோ விழுகிற அந்த 'டிங்' சத்தம் கேட்டால் அன்றைய நாள் போச்சு. மூன்றாவது தடவை அந்தச் சத்தம் கேட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. பையன் கை கொடுத்துத்தான் வெளியே இழுத்தான்.

இத்தனைக்கும் ஹெரால்ட் மெக்கானிக்குக் கருணை காட்டிய வண்டி. மட்கார்டோடு சேர்த்து முழு மூக்கும் முன்னால் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இஞ்சின் வேலை பார்க்கலாம். அவ்வளவு யோசித்தவர்கள் மீட்டர் பக்கம் வரும்போது மட்டும் ஏன் கைவிட்டார்கள் என்று அந்த வாரம் முழுக்கத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

திட்டின வாயோடுதான் சாரிடம் கேட்டேன். மர டேஷ்போர்டில் மீட்டர்கள் உட்கார்ந்திருக்கும் பகுதியை மட்டும் செவ்வகமாக அறுத்து, கீழே பியானோ கீல் என்கிற நீளக் கீல், மேலே இரண்டு பித்தளை ஸ்க்ரூ. கழட்டினால் புத்தகம் மாதிரி முன்னால் விழும். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு வசதின்னா செஞ்சுக்குங்க தம்பி."

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு அதில் வேறு அர்த்தமே தோன்றவில்லை. இப்போது 'உங்களுக்கு' என்பது தனியாகக் கேட்கிறது. 'செய்யுங்க' இல்லை, 'செஞ்சுக்குங்க'. ஒருவேளை அவர் சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பார், நான்தான் இழுத்துப் பிடித்து அர்த்தம் பார்க்கிறேனோ என்னவோ. பேச்சு வழக்கில் நாம் எல்லாவற்றுக்கும்தான் 'க்கு' போடுகிறோம்.

ஆசாரி ரம்பத்தை வைப்பதற்கு முன் மூன்று தரம் கேட்டார். "அறுத்துரலாமுங்களா?" மூன்றாவது தரம் எனக்குக் கோபமே வந்தது.

வேலையைக் குறை சொல்ல முடியாது. ஒயர்களை ஒரு அடி நீட்டி, ஒவ்வொன்றுக்கும் கழட்டி மாட்டுகிற கப்ளர் போட்டேன். நிறம் மாற்றாமல் அதே நிற ஒயர் தேடி வாங்கினேன். ஸ்பீடோமீட்டர் கேபிளை நீளமாகச் செய்து வாங்கி வளைத்து விட்டேன். முதல் வளைவு இறுக்கமாகப் போய் முள் ஆடியது. திரும்ப அவிழ்த்து அகலமாக வளைத்தேன், நின்றது. எல்லாம் சேர்த்து நாலு நாள். கூலி இரண்டு நாளுக்குத்தான் வாங்கினேன். ஏன் முழுக் கூலி வாங்கவில்லை? அப்போது பெருந்தன்மை என்று நினைத்தேன்.

வண்டி எடுக்க வந்தவர் பலகையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். உள்ளே ஒயரெல்லாம் கட்டி வைத்திருந்த அழகைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரலால் அறுத்த விளிம்பைத் தடவினார். அறுத்த இடத்தில் மரத்தின் நிறம் புதிதாக இருந்தது. "அப்பா தினமும் காலைல இத துணியில தொடைப்பாரு" என்றார். அதற்குப் பதிலாகத்தான் அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது.

தப்பு ஒன்றும் செய்யவில்லையென்றால், தெரியாது என்று ஏன் சொன்னேன்? "இனி அஞ்சு நிமிசத்துல ரிப்பேர் பாக்கலாம்" என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. திருடினவன் சொல்கிற பதில் அல்லவா என் வாயில் வந்தது!

என் பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. ஜாகுவார் மார்க் 2 காரில் டேஷ்போர்டின் நடுப் பலகை மேலே இரண்டு ஸ்க்ரூவைக் கழட்டினால் மடிந்து விழும், ஈ-டைப்பிலும் அப்படித்தான். கம்பெனிக்காரனே 1960 வாக்கில் செய்த வேலை, நான் கண்டுபிடித்த அக்கிரமம் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் இதைச் சொல்கிறேன். அந்த மடியும் பலகையில் ஸ்பீடோமீட்டர் கிடையாது, சின்ன மீட்டர்களும் சுவிட்சுகளும்தான் என்பதை மட்டும் சொல்வதில்லை. அங்கே அது பிறக்கும்போதே மடிகிற பலகை என்பதையும்.

சார் வண்டியை விண்டேஜ் பதிவுக்கு, பழைய வண்டிகளுக்கென்று தருகிற அந்த 'VA' நம்பருக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். 2021 விதியை ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இஞ்சினில் மாற்றம் கூடாது. டேஷ்போர்டு என்ற சொல்லே இல்லை. அப்பாடா என்றிருந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே 'அசல் வடிவில்' என்று ஒரு வார்த்தை கிடக்கிறது. மூடிவைத்துவிட்டுப் படுத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஸ்டீயரிங் தாங்கியைத் தளர்த்தி, ஸ்க்ரூக்களைக் கழட்டினால் ஹெரால்டின் மர டேஷ்போர்டு முழுசாகவே முன்னால் வரும். அறுக்க வேண்டியதே இல்லை. கப்ளர் மட்டும் போட்டிருந்தால், ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். இது எனக்கு முன்னாலேயே தெரியும். இரண்டு மணி நேரக் கூலியைச் சாரிடம் மிச்சப்படுத்துகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன். என் இடுப்பு பேசியதா, அவர் பணத்துக்காக நான் பேசினேனா என்று பிரித்துச் சொல்ல வரவில்லை. இதே வேலை நாளைக்கு இன்னொரு வண்டியில் வந்தால் அறுக்க மாட்டேன் என்றும் சத்தியம் செய்ய முடியாது. பத்து வருடம் கழித்து அந்த வண்டியைத் தொடப்போகிற எவனோ ஒருத்தன் என்னை வாழ்த்துவான், அது நிச்சயம்.

போன மாதம் மழைக்குப் பிறகு வண்டி ஆயில் மாற்ற வந்தது. சார் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் டேஷ்போர்டைப் பார்த்தேன். ஈரத்தில் மரம் ஊதி, வலது பக்கம் விளிம்பு மயிரிழை தூக்கியிருந்தது. வேகத்தடையில் சத்தம் கேட்டிருக்கும் போல. அந்த இடுக்கில் பெட்ரோல் பங்க் பில் ஒன்றை நான்காக மடித்துச் செருகியிருந்தார்.

பில்லை எடுத்துவிட்டு விளிம்பை லேசாகத் தேய்த்து, உள்பக்கம் மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டினேன். சத்தம் போய்விடும். பில்லை என்ன செய்வதென்று தெரியவில்லை. மடித்த மடிப்பு கலையாமல் டேஷ்போர்டின் க்ளவ் பாக்ஸுக்குள் வைத்தேன்.

அவர் வந்து உட்கார்ந்தார். விரல் நேராக அந்த இடுக்குக்குத்தான் போனது. என்னைப் பார்த்தார். "ஆயில் எந்த கிரேடு போட்டீங்க தம்பி?" என்று கேட்டார். சொன்னேன்.