கடையில் வாங்கின விளக்கு

"அப்பா, என் விளக்கு மட்டும் ஏன் கடையில வாங்கினது?"

நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள். ஜெர்மனியின் பான் நகரத்தில் அந்த மாதம் சாயங்காலம் ஐந்தரைக்கே கும்மிருட்டாகிவிடும். சிவப்புப் போர்வையோடு ஒருவர் குதிரையில் முன்னால் போகிறார். குளிரில் நடுங்கின பிச்சைக்காரருக்குத் தன் போர்வையைப் பாதியாக வெட்டிக்கொடுத்த படைவீரர்தான் மார்ட்டின். பின்னால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு காகித விளக்கைக் குச்சியில் தொங்கவிட்டுக்கொண்டு பாடியபடி நடக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் என் நாலு வயது மகள் இப்படிக் கேட்டாள்.

சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கையால் செய்தது. வட்டமான பாலாடைக்கட்டி டப்பாவை மேலும் கீழும் வைத்து, நடுவில் மெல்லிய காகிதம் சுற்றி, அதில் உதிர்ந்த மேப்பிள் இலைகளை ஒட்டியிருந்தார்கள். உள்ளே விளக்கு எரிந்ததும் இலையின் நரம்பெல்லாம் தெரிந்தது. என் மகள் கையில் மட்டும் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் குதிரை. காலி டப்பாவும் காய்ந்த இலையும் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து செய்யலாம் என்று மழலையர் பள்ளியில் இரண்டு வாரம் முன்பே சீட்டு கொடுத்திருந்தார்கள். எனக்கு வேலை. குப்பையைக் கொண்டுபோய் என்ன செய்வது, நல்லதாகவே வாங்கிக் கொடுப்போம் என்று நினைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் விழுப்புரம் பக்கத்து ஊர்க்காரன். கார்த்திகை வந்தால் எங்கள் வீட்டில் மாவளி செய்வோம். அப்பா ஆண்பனையின் பூவைக் கொண்டுவந்து காயப்போடுவார். குழி வெட்டி, அதில் போட்டுக் கொளுத்தி, சாம்பலாகிவிடாமல் சரியான நேரத்தில் மூடிக் கரியாக்க வேண்டும். கரியை அம்மியில் பொடித்து, பழைய வேட்டித் துணியில் இறுக்கமாகச் சுருட்டிக் கட்டி, மூன்றாகப் பிளந்த பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கயிறு கட்டுவார். துணி நெகிழ்ந்தால் பொறி ஒரே கொட்டாகக் கொட்டித் தீர்ந்துவிடும் என்பார். நுனியில் நெருப்பு வைத்துத் தலைக்கு மேலே சுழற்றினால் ஆளைச் சுற்றி வட்ட வட்டமாகப் பொறி பூக்கும். "மாவளியோ மாவளி" என்று தெருவே கத்தும். காசு கொடுத்து வாங்கின பொருள் அதில் ஒன்றுகூட இல்லை. அப்படி வளர்ந்தவன்தான் ஒரு காலி டப்பாவைக் குப்பை என்று நினைத்தேன். சென்னையில் பத்து வருஷம் இருந்தபோதே இந்தக் கை மறந்துபோயிருக்கிறது. ஜெர்மனியைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, 'பாஸ்டெல்ன்'. வீட்டில் கிடைத்ததை வைத்து வெட்டி, ஒட்டி எதையாவது செய்வது. பெரியவர்களும் வெட்கப்படாமல் செய்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த சொல்.

அடுத்த வருஷம் செப்டம்பர் கடைசியிலேயே தொடங்கிவிட்டோம். இங்கே பொப்பெல்ஸ்டோர்ஃப் அரண்மனைக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் 'கஸ்தானியே' என்கிற குதிரைச் செஸ்ட்நட் மரங்கள். முள் ஓடு வெடித்து, பாலிஷ் போட்ட மாதிரி பழுப்புக் கொட்டைகள் தடதடவென்று விழும். பையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஓடுவார்கள். இந்த ஊரில் பிறந்த ஹரிபோ மிட்டாய்க் கம்பெனிகூட பத்து கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ மிட்டாய் கொடுக்கிற வழக்கத்தை 1936-இல் ஆரம்பித்தது. காட்டு விலங்குகளுக்குத் தீனியாம். வீடியோவில் பார்த்த அம்மா, "திங்கலாமாடா?" என்றாள். கூடாது. தின்கிற வகை வேறு. அதன் ஓட்டில் முள் ஊசி ஊசியாக நெருக்கமாக இருக்கும், இதில் தடித்த முள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான்.

பெரிய கொட்டை உடம்பு, சின்னது தலை. சின்னத் துளைக்கருவியால் ஓட்டை போட்டு, தீக்குச்சியைச் செருகினால் கையும் காலும். ஓக் கொட்டையின் தொப்பியைத் தலையில் ஒட்டலாம். விழுந்த அன்றைக்கே துளை போட்டுவிட வேண்டும், நாள் போனால் இறுகிவிடும். என் மகள் ஒரு குதிரை செய்தாள், கழுத்து கொஞ்சம் நீளமாகிவிட்டதால் அது ஒட்டகமானது. நான் இரண்டு கொட்டையை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக்குச்சி வைத்துத் தள்ளிக் காட்டினேன். "என்னப்பா இது?" என்றாள். நுங்கு வண்டி. நுங்கை நோண்டித் தின்றுவிட்டு, அந்தக் காய் இரண்டையே சக்கரமாக்கித் தெருவெல்லாம் ஓட்டுவோம், இரண்டு நாளில் சுருங்கிவிடும், அடுத்த நுங்குக்கு அடுத்த வண்டி என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே எங்கள் ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். "அப்பா, பசை!" என்று அவள் கத்தின பிறகுதான் திரும்பி வந்தேன்.

விளக்குக்குப் பசையும் வாங்கவில்லை. மைதாவைக் காய்ச்சினேன். ஊரில் போஸ்டர் ஒட்டுகிறவர்களின் பசை வாசம் சமையலறை முழுக்க. பலூனை ஊதி, அதன்மேல் காகிதத் துண்டுகளை ஒட்டி, புத்தகத்துக்குள் ஒரு வாரம் அழுத்தி வைத்த இலைகளைப் பதித்தோம். இரண்டு நாள் காய்ந்ததும் ஊசியால் குத்தினோம். பலூன் டப்பென்று போனது, விளக்கு நின்றது. அந்த நவம்பர் ஊர்வலத்தில் அவள் அதைப் பக்கத்தில் நடந்த எல்லாரிடமும் காட்டினாள்.

எனக்கு இங்கே பழகிவிட்டது என்று நினைத்தேன். கார்த்திகை தீபத்தன்று ஜன்னலில் மெழுகுவத்தி வைத்தபோது பனம்பூக் கரியின் மணம் எங்கிருந்தோ வந்த மாதிரி இருந்தது. அப்பாவுக்கு வீடியோ போட்டோம். வாசலில் அகல் வரிசை. பின்னால் யார் வீட்டுப் பையனோ மாவளி சுற்றிக்கொண்டிருந்தான். மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தாத்தா, எனக்கும் அது வேணும்."

"அங்க பனை இருக்காடா கண்ணு?"

"இல்ல தாத்தா. கஸ்தானியே இருக்கு."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அதுக்குப் பூ எந்த மாசம் வரும்னு உங்கப்பனப் பாக்கச் சொல்லு. கரி நிக்குதான்னு சுட்டுப் பாப்போம்."