சியெனாவின் மொட்டைச் சுவர்

இத்தாலியில் சியெனா என்று ஒரு ஊர். அங்கே பின்னால் கட்டடமே இல்லாமல் ஒரு பிரம்மாண்ட முகப்புச் சுவர் தனியாக நிற்கிறது. இரண்டு நாளாக அதன் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏற்கெனவே ஊரில் பெரிய பேராலயம் இருந்தது. போதவில்லையாம்! பக்கத்து ஃபுளோரன்ஸோடு தீராத போட்டி. 1339-ல் விரிவாக்கத்தை ஆரம்பித்தார்கள். எவ்வளவு பெரிய திட்டம் என்றால், சிலுவை வடிவில் எழும் புதிய ஆலயத்தில், இருந்த ஆலயம் முழுவதும் சிலுவையின் குறுக்குக் கையாக மட்டும் அடங்கிவிடும். வட்டியிலும் வங்கியிலும் கொழித்த ஊர், ஆசைக்கு என்ன குறை?

1348-ல் கொள்ளைநோய் வந்தது. ஆன்யோலோ தி தூரா என்ற ஊர்க்காரர், தன் ஐந்து பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்ததாக எழுதி வைத்திருக்கிறார். நேற்று ராத்திரி அந்த வரியோடு மூடி வைத்துவிட்டேன்.

வேலை நின்றது. எழுப்பியதிலும் விரிசல், பலவீனம். ஒரு பகுதியை அவர்களே இடித்துவிட்டார்கள். மிஞ்சிய பக்கத்தில் இப்போது அருங்காட்சியகம். அதன் வழியாகக் குறுகலான படியேறி அந்த மொட்டைச் சுவரின் உச்சிக்கே போகலாம். மேலிருந்து பார்த்தால், கீழே கிளிஞ்சல் மாதிரி விரிந்த காம்போ சதுக்கம்.