பெட்டிக்குள் உறங்கிய தங்கை

இன்று இரவு ‘ஃபயர்ஃப்ளை’ என்ற விண்வெளிக் கதைத் தொலைக்காட்சித் தொடரின் முதல் அத்தியாயத்தை மீண்டும் பார்த்தேன். விண்கப்பலின் தலைவர் மால் அந்தப் பெரிய பெட்டியைத் திறக்கிறார். குளிர்ப் புகை விலகுகிறது. உள்ளே ஒரு பெண் சுருண்டு உறங்கிக்கொண்டிருக்கிறாள்.

விழித்ததும் அவள் அலறுகிறாள். மருத்துவர் சைமன் அவளை அணைத்துக்கொண்டு, சுற்றி நிற்பவர்களிடம் அவள் தன் தங்கை ரிவர் என்கிறார்.

அவள் யார் என்று அறியாமல் பார்ப்பவருக்காக எழுதப்பட்ட காட்சி இது. ஆனால் 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி, அவசரமாக எழுதி வாங்கிய இரண்டாம் அத்தியாயத்தைச் செப்டம்பர் 20 அன்று முதலில் ஒளிபரப்பியது; கதையின் உண்மையான தொடக்கம் டிசம்பர் 20 அன்றுதான், அதுவும் தொடர் நிறுத்தப்பட்ட பிறகு, கடைசியாக வந்தது. அதற்கு முந்தைய வாரம் ஒளிபரப்பானது, இறுதி அத்தியாயமாக அமைந்திருந்த கதை.

அதற்குள் பத்து அத்தியாயங்களில் ரிவரின் முகத்தையும் நோயையும் அண்ணனின் தியாகத்தையும் மக்கள் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்கு அந்தப் பெட்டிக்குள் எந்த மர்மமும் இருந்திருக்க முடியாது. எனக்கு இதுவே பெரும் இழப்பாகத் தோன்றுகிறது, ஏனெனில் மால் ஏன் சிரிப்பதற்குத் தயங்குகிறார் என்பதைச் சொல்லும் போர்க்களக் காட்சியும் இதே அத்தியாயத்தின் தொடக்கத்தில்தான் இருக்கிறது.

எடுக்கப்பட்ட பதினான்கில் மூன்று அப்போது ஒளிபரப்பாகவே இல்லை. 2003 டிசம்பரில் வெளியான டிவிடியில்தான், தொடரை உருவாக்கிய ஜோஸ் வீடன் எண்ணிய வரிசையில், அந்தப் பெட்டி உரிய நேரத்தில் திறந்தது.