கெய்ரோ நாட்குறிப்பு: பவுண்டில் சம்பளம்

2024 மார்ச் 6, புதன்

முதல் பாடவேளை முடிந்து திரும்பியபோது ஆசிரியர் அறையில் ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எகிப்தின் மத்திய வங்கி பவுண்டின் மதிப்பைச் சந்தையின் போக்கில் விட்டுவிட்டது. கூடவே வட்டியை ஒரேயடியாக 6 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்திவிட்டது. நேற்றுவரை வங்கி விலையில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 31 பவுண்டு. இன்றைக்கு 50.

எகிப்து மலிவான நாடு என்று ஊரில் சொல்பவர்கள் டாலரில் சம்பளம் வாங்கும் யாரையோ மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். என் ஒப்பந்தத்தில் மாதம் 30,000 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. நேற்றைய கணக்கில் அது 80,000 ரூபாய். இன்றைய கணக்கில் 50,000. மதுரையில் வீட்டுக் கடனுக்கான மாதத் தவணையோ ரூபாயில் இருக்கிறது, அது குறையப்போவதில்லை.

கடைத்தெருவில் இன்று பெரிய சலசலப்பு இல்லை என்பதுதான் வேடிக்கை. ஜனவரிக் கடைசியில் கள்ளச் சந்தையில் டாலர் 70 பவுண்டை நெருங்கியபோதே வணிகர்கள் அந்த விலையை வைத்துத்தான் பொருளுக்கு விலை போட்டார்கள். ஆகவே விலை ஏற்கெனவே ஏறிவிட்டது. ஏறாமல் நின்றது சம்பளம் மட்டுமே. மாலையில் மேல்தளத்து மலையாளிப் பொறியாளரை மாடிப்படியில் பார்த்தேன். அவருக்கு டாலரில் சம்பளம். “டீச்சர், நம்முடைய வாடகை இன்றைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது, பார்த்தீர்களா?” என்றார். அந்த ‘நம்முடைய’ என்ற சொல்லைச் சமையல் முடியும்வரை மனத்தில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

ரமலான் நோன்பின் இரண்டாம் நாள். தெருமுனையில் ‘தமர் ஹிந்தி’ விற்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘இந்தியப் பேரீச்சை’, ஆனால் அது நம் புளியேதான். இவர்கள் அதில் சர்க்கரை கலந்து குடிக்கிறார்கள். நான் அதே கடையில் காய்ந்த புளியை வாங்கிவந்து சாம்பார் வைக்கிறேன். துவரம்பருப்பும் பாசுமதியும் இறக்குமதிச் சரக்கு என்பதால் அவற்றை மறந்து நெடுநாளாகிறது. நைல் டெல்டாவில் விளையும் குட்டையான அரிசி, ‘அட்ஸ்’ எனப்படும் மைசூர்ப்பருப்பு, சுண்டுவிரல் அளவேயான ‘பாமியா’ வெண்டைக்காய் ஆகியவற்றைக் கொண்டு சமைத்தால் இந்த ஊர் இன்னமும் மலிவுதான். சமையலறைக்குள் மதுரையைக் கொண்டுவர நினைக்கும்போதுதான் செலவு கையைக் கடிக்கிறது.

ஜூன் 1, சனி

மானிய ரொட்டியின் விலை இன்று முதல் 5 பியாஸ்தரிலிருந்து 20 பியாஸ்தர் (நூறு பியாஸ்தர் ஒரு பவுண்டு). முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாறாமல் இருந்த விலை இது. பங்கீட்டு அட்டை இல்லாத எங்களைப் போன்ற வெளிநாட்டவர் முன்பும் வெளிவிலையில்தான் வாங்கினோம் என்பதால் எனக்கு ஒரு காசும் கூடவில்லை. கட்டடத்துப் பவாபுக்கு (காவலாளியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து வீதம் 25 ரொட்டி. மாதம் 37 பவுண்டு சொச்சமாக இருந்த செலவு 150 ஆகிவிட்டது. அஸ்வானிலிருந்து வந்தவர், குறையாக எதையும் சொல்லவில்லை. படிக்கட்டைக் கழுவும் கூலியைக் கூட்டித் தர இயலுமா என்று மட்டும் தயங்கிக் கேட்டார். கூட்டிக் கொடுத்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

மின்வெட்டு தொடர்கிறது. எரிவாயுப் பற்றாக்குறை என்கிறார்கள். மின்தூக்கி நிற்கும் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் காய்கறி வாங்கப் போகவேண்டியிருக்கிறது, ஐந்து மாடி.

ஆகஸ்ட் 1, வியாழன்

மெட்ரோ கட்டணம் உயர்ந்துவிட்டது. ஒன்பது நிலையங்கள் வரை 6 பவுண்டாக இருந்தது இன்று 8. ஹதாயிக் எல் மாதியிலிருந்து சாதாத் நிலையம்வரை போய்வர, மாதம் 22 நாளுக்கு 264 ஆக இருந்தது 352 ஆகும். ரூபாயில் பார்த்தால் இதுவும் சொற்பம்தான். ஆனால் ரூபாயில் பார்க்கும் பழக்கத்தை மார்ச்சிலேயே விட்டுவிட்டேன்.

மாலையில் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வீட்டுக்காரர் வந்தார். வெளிநாட்டவர் என்பதால் இம்முறை டாலரில் எழுதிக்கொள்ளலாமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். நான் சம்பளச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். “இது பவுண்டா, யா மிஸ்?” என்றார். ஆம் என்றேன். தேநீர் ஆறும்வரை ஒன்றும் பேசவில்லை. 7,000 ஆக இருந்த வாடகையை 10,000 என்று தொடங்கி, 8,500இல் முடித்துக்கொண்டோம், பவுண்டில்.