வெள்ளைப் பூச்சு கடந்து வந்த வழி
வண்ணப்பூச்சுத் துறையின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது வெள்ளை நிறமிதான். பல நூற்றாண்டுகள் ஐரோப்பியச் சுவர்களை வெளுப்பாக்கிய ஈய வெள்ளை, பூசியவர்களின் உடலையும் குழந்தைகளின் மூளையையும் சேர்த்தே கெடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் உற்பத்திக்கு வந்த டைட்டானியம் டை ஆக்சைடு மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது. இருந்தும், வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் இந்திய விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

2021-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சூரிய ஒளியில் 98.1 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் பேரியம் சல்ஃபேட் பூச்சை அறிவித்தனர். டைட்டானியம் டை ஆக்சைடைப் போலப் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சாமலும், தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானுக்கு வெளியேற்றியும், நண்பகல் வெயிலிலும் அது சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்திருக்கிறது. தூசி படிந்த மொட்டைமாடியில் இத்தன்மை எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்பதையே முதலில் சோதிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.