ஈடுபாட்டுக்கு எத்தனை மதிப்பெண்

அறக்கட்டளை ஒன்று சமூக நீதிக் களத்தில் இளைஞர்களை வளர்ப்பதற்காக நடத்தும் இரண்டாண்டு ஃபெல்லோஷிப்பின் நேர்முகத் தேர்வில், ஒரு பெண்ணிடம் நான் கேட்ட கேள்வி நியாயமானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். இருந்தும் அவர் சொன்ன பதில் என்னை விடுவதாக இல்லை. "நடுவில் குரூப் 4 தேர்வில் வேலை கிடைத்தால் இதை விட்டுவிட்டுப் போய்விடுவீர்களா?" என்று கேட்டேன். "போவேன் மேடம். போகமாட்டேன் என்று சொல்லும்படிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள்" என்றார். குழுவில் இருந்த நால்வரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியதும், "அப்படியானால் இதற்கு எதற்கு விண்ணப்பித்தீர்கள்?" என்றேன். "வீட்டில் சும்மா உட்கார்ந்து படிக்க முடியாது மேடம். இருளர் குடியிருப்புகளில் மனு எழுதிக் கொடுக்கிற வேலையை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறேன், அதையே ஒரு வருமானத்தோடு செய்யலாமே என்று பார்த்தேன்" என்றார். அந்தப் பதிலின் இரண்டாம் பகுதி என் காதில் விழாமல் இல்லை. ஆனால் முதல் பகுதி கேட்ட உடனேயே என் பேனா தாளின் மேல் இறங்கியிருந்தது.

அந்தத் தாளில் 'ஈடுபாடு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இருபதுக்குப் பத்து போட்டேன். எந்தப் பக்கமும் சாயாத மதிப்பெண் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றவர்கள் பதினேழும் பதினெட்டும் வாங்கும் இடத்தில் பத்து என்பது வெளியே அனுப்புவதற்குச் சமம் என்பது குழுக்களில் பலமுறை இருந்தவளுக்குத் தெரியாத கணக்கு அல்ல. அவர் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார். அந்த ஆண்டு அந்தப் பட்டியலிலிருந்து யாரையும் அழைக்கவில்லை.

கேள்வியின் பக்கம் நியாயம் உண்டு. இருளர் குடும்பங்கள் மனு கொடுத்துக் கேட்கும் பழங்குடியினர் சாதிச் சான்றிதழைத் தருபவர் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். கிராம அளவில் விசாரணை, அறிக்கை, மீண்டும் ஒரு விசாரணை என்று அந்தக் கோப்பு ஊர்ந்து போகும். பின்னால் ஒருவர் விடாமல் நடந்தால்தான் அது நகரும். நடந்தவர் பாதியில் போய்விட்டால், பத்தாம் வகுப்பை முடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் என்பதே இந்த வேலைக்குக் குறைவு. 2012-இல் மாவோயிஸ்ட் பாதிப்புள்ள மாவட்டங்களில் ஆட்சியர்களுக்குத் துணையாகப் பிரதமரின் ஊரக வளர்ச்சி ஃபெல்லோக்களை அனுப்பியபோதும், 2022-இல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் 30 பேரை எடுத்தபோதும் அதே இரண்டாண்டுதான் அளவு. அதிலும் ஓரிடம் நடுவில் காலியானால் இழப்பு யாருக்கு என்று கேட்பது குற்றமாகாது.

ஆனால் இரண்டாண்டை ஒழுங்காக முடித்தவர்கள் எங்கே போகிறார்கள்? நான் அறிந்த வரையில் சிலர் களத்திலேயே நின்றிருக்கிறார்கள். வேறு சிலர் வெளிநாட்டு மேற்படிப்புக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் போயிருக்கிறார்கள். அவர்களுடைய படங்கள் ஆண்டறிக்கையில் பெருமையோடு வருகின்றன. அவர்களில் யாரிடமும் "முடித்த பிறகு மக்களை விட்டுவிட்டுப் போய்விடுவீர்களா?" என்று எந்தக் குழுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கிராம நிர்வாக அலுவலர் ஆவதற்காக ஒருவர் போனால் அவர் இடைநின்றவர். அதே இருளர் குடும்பத்தின் மனு விசாரணைக்கு வரும் மேசை அந்த அலுவலருடையதுதான். அதைப் பொதுப்பணி என்று கணக்கில் எடுக்க எங்கள் தாளில் கட்டம் இல்லை.

நம் மாநிலத்தில் சமூக நீதி அரசு வேலையைச் சுற்றி வளர்ந்த ஒன்று. 1921-இல் நீதிக்கட்சி அரசு பிறப்பித்த வகுப்புவாரி அரசாணை பேசியது அரசுப் பணி நியமனங்களைப் பற்றித்தான். முதல் பட்டதாரியாக வருகிற ஒரு பெண் அந்த வழியில் போக நினைப்பதை ஈடுபாட்டுக் குறைவு என்று எழுதும்போது, நாம் எந்த வரலாற்றின்மேல் உட்கார்ந்து எழுதுகிறோம் என்ற கூச்சமாவது வர வேண்டும். குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் 1,000 பேருக்கு 'நான் முதல்வன்' திட்டத்தில் மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்குத் தர 2023-இல் அரசே முன்வந்தது. படிக்கிற காலத்துக்கு ஒரு வருமானம் வேண்டும் என்பது அரசுக்குப் புரிந்திருக்கிறது. அதையே ஒரு பெண் எங்கள் முன்னால் வாய்விட்டுச் சொன்னபோது மட்டும் பேராசையாகத் தோன்றியது.

நானும் தேர்வெழுதி வந்தவள்தான். 2003-க்கு முன் சேர்ந்ததால் பழைய ஓய்வூதியமும் எனக்கு உண்டு. அப்படிப்பட்டவள் இன்னொருத்தியிடம் அரசு வேலையைத் துறப்பாயா என்று கேட்பது அழகா என்று என் தங்கை கேட்டாள். அழகில்லைதான். ஆனால் உள்ளே இருப்பதாலேயே எனக்குத் தெரிந்த வேறொன்றும் உண்டு: மனு எழுதிய கை மேசைக்கு அந்தப் பக்கம் போன சில ஆண்டுகளில், மனு கொடுக்க வருகிறவர்களை நிற்க வைத்துப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணும் அப்படி ஆவார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆகமாட்டார் என்பதற்கும் இல்லை. தவிர, 2022-இல் குரூப் 4 அறிவிப்பு 7,301 இடங்களுக்கு வந்தபோது விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். ஓரிடத்துக்கு முந்நூறு பேர் போட்டியிடும் தேர்வில் அவர் வெல்வார் என்று வைத்துக்கொண்டு, அந்த வெற்றிக்கு முன்கூட்டியே மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அதே கேள்விக்கு "போகமாட்டேன்" என்று சொன்னவர்களில் எத்தனை பேரின் பையில் பொது அறிவுப் புத்தகம் இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

அரசுப் பணிக்குப் போகிறவர்களையும் நிறைவு செய்தவர்களாகவே கணக்கிடலாமே என்று ஒருங்கிணைப்பாளரிடம் பிறகு சொன்னேன். "நிதி தருகிறவர்கள் ஒப்பமாட்டார்கள் மேடம், பாதிப் பணத்துக்கு என்ன பலன் என்று கேட்பார்கள்" என்றார். அவர் சொல்வதும் தவறில்லை. மாற்றாக ஓர் உறுதிமொழிப் பத்திரம் வந்திருக்கிறது: நடுவில் போகிறவர்கள் கடைசி மூன்று மாத உதவித்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிறவர் கட்டிவிட்டுப் போவார். கட்ட முடியாதவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆண்டும் குழுவில் இருக்கச் சம்மதித்திருக்கிறேன். அந்தக் கேள்வியை நான் கேட்பதில்லை என்று சொல்லிவிட்டேன். வேறொருவர் கேட்பார், கிடைக்கும் பதிலுக்கு மதிப்பெண்ணை நான்கு பேருமே போட வேண்டும்.