‘பாஸ் மார்க் 40’ என்று எழுதி வாங்கிய கதை

ஜெர்மனியில் இரண்டாவது முதுகலைக்கு இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான், ஆனால் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில், அதுவும் அதன் கீழ் வரும் ஒரு கல்லூரியில், பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் முடித்துவிட்டு வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கே வாங்க வேண்டிய காகிதம் எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

ஆரம்பத்தில் எல்லோரும் பயமுறுத்தியது வேறு விஷயத்தில். ஒரு கன்சல்டன்சிக்காரர் என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, “ஸ்டேட் யூனிவர்சிட்டி... அஃபிலியேட்டட் காலேஜ்... வெளிய மதிப்பு கம்மி சார்” என்று உதட்டைப் பிதுக்கினார். அவர் கையில் வைத்திருந்த பட்டியலில் பெரும்பாலும் பளபளப்பான தனியார் பல்கலைக்கழகங்கள். 2024-ல் மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்ஐஆர்எஃப் முதன்முறையாக மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனிப் பட்டியல் போட்டபோது அண்ணா பல்கலைக்கழகம் அதில் முதலிடம் பிடித்தது. அதைச் சொன்னேன். “அது அண்ணா சார், உங்களது அண்ணா இல்லையே” என்றார். நியாயம்தான், பதில் சொல்லவில்லை.

அவரிடம் பணம் கட்டாமல் வந்ததுதான் நான் செய்த முதல் நல்ல காரியம். ஜெர்மானியர்கள் தரவரிசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ‘அனபின்’ என்று ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறார்கள். உலகத்துப் பல்கலைக்கழகங்களுக்கு அங்கே ஒரு குறியீடு உண்டு: அங்கீகரிக்கப்பட்டது என்றால் எச் பிளஸ், இல்லையென்றால் எச் மைனஸ், ஒவ்வொரு பட்டமாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்தது. நான் பார்த்தபோது தளம் முழுக்க ஜெர்மன் மொழிதான், ஆனால் நாடு, ஊர் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் வந்துவிடும். எங்கள் பல்கலைக்கழகத்துக்கு நேரே எச் பிளஸ் என்று இருந்தது. மதிப்பு விஷயம் அத்தோடு முடிந்தது. விண்ணப்பித்த ஓர் இடத்திலும் அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு எச்சரிக்கை: கல்லூரிப் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், பெரும்பாலும் வராது. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட வேண்டும். அதிலும் நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரு காலத்தில் மாநிலமே இருந்தது. பிறகு மதுரை 1966, பாரதியார், பாரதிதாசன் 1982, மனோன்மணியம் சுந்தரனார் 1990, பெரியார் 1997 என்று ஒவ்வொன்றாகப் பிரிந்தன. தூத்துக்குடியில் ஒரே கல்லூரியில் படித்த அப்பாவுக்கும் மகனுக்கும் பட்டம் கொடுத்தது வேறு வேறு பல்கலைக்கழகமாக இருக்கும். பொறியியல் படித்தவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. அண்ணா பல்கலைக்கழகத்தை 2007-ல் கோவை, திருச்சி, நெல்லை என்று பிரித்தார்கள், 2010-ல் பெயரை மாற்றி மதுரையையும் சேர்த்தார்கள், 2012-ல் எல்லாவற்றையும் பழையபடி ஒன்றாக்கினார்கள். அந்தச் சமயத்தில் படித்தவர்களுக்கு மார்க் ஷீட்டில் ஒரு பெயரும் பட்டச் சான்றிதழில் இன்னொரு பெயரும் இருக்க வாய்ப்புண்டு. அப்படி இருந்தால் விண்ணப்பத்தோடு இந்த வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதி இணைத்துவிடுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஏபிஎஸ் சான்றிதழ், அதாவது நம் கல்விச் சான்றிதழ்களை ஜெர்மன் தூதரகத்தின் பிரிவு ஒன்று சரிபார்த்துக் கொடுப்பது, பற்றி எல்லோருக்கும் தெரியும். மாணவர் விசாவுக்கு 2022 நவம்பர் 1 முதல் கட்டாயம். 18,000 ரூபாய் கட்டினேன், அனுப்பினேன், வந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும் சான்றிதழில் வெறும் இனிஷியலாகவும் இருப்பவர்கள் நோட்டரியிடம் ‘இருவரும் ஒரே நபர்’ என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் கதையே. டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாப் பருவ மதிப்பெண்களையும் சேர்த்துப் பல்கலைக்கழகம் கொடுக்கும் தொகுப்புச் சான்று, வாங்க சென்னையிலிருந்து இரவுப் பேருந்து பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். தேர்வாணையர் அலுவலகம் 10 மணிக்குத் திறந்தது, செக்ஷனில் ஆள் வர 11 ஆனது. விண்ணப்பப் படிவத்தில் டிடி ‘பதிவாளர்’ பெயருக்கு எடுக்கச் சொல்லியிருந்தது. எடுத்துக்கொண்டு போனேன். “இது பழைய ஃபார்ம் தம்பி, இப்போ ஆன்லைன்லதான் கட்டணும்” என்றார் அந்த ஊழியர். பழைய படிவம் இன்னும் ஏன் தளத்தில் கிடக்கிறது என்று கேட்டதற்கு, அது வேறு செக்ஷன் என்று பதில். சரி, ஆன்லைனில் கட்டலாம் என்றால் சர்வர் வேலை செய்யவில்லை. அன்றைக்குக் கண்ட ஒரே பலன் வாசல் ஜெராக்ஸ் கடைக்காரரின் தரிசனம். எந்தச் செக்ஷனில் யார், எந்தக் கிழமை லீவு போடுவார், எந்தப் படிவம் இப்போது செல்லும் என்று உள்ளே இருப்பவர்களைவிட அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. முதலில் அவரிடம் போங்கள், அப்புறம் உள்ளே போங்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் அடுத்த முறை கிடைத்தது. விண்ணப்பங்களை அனுப்பினேன். அப்புறம் ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் எம்.எஸ்சி. ஆவணத்தில் குறைந்தபட்சத் தேர்ச்சி 50 என்று இருக்கிறது, பி.எஸ்சி. ஆவணத்தில் எதுவுமே இல்லை. பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்த ஆதாரம் கெடுவுக்குள் வராவிட்டால் இரண்டுக்கும் 50 என்றே கொள்வோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் மதிப்பெண் தலைகீழ்: 1 என்றால் முதல்தரம், 4 என்றால் தட்டுத்தடுமாறித் தேர்ச்சி. நம் மார்க்கை அதற்கு மாற்ற ‘திருத்திய பவேரியச் சூத்திரம்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் வாங்கியதைக் கழிக்க வேண்டும். வந்ததை, உச்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் ஜெர்மன் கிரேடு. என் பி.எஸ்சி. மார்க் 72 சதவீதம். பாஸ் மார்க் 50 என்று வைத்தால் 28-ஐ 50-ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட 2.68 வருகிறது. பாஸ் மார்க் 40 என்றால் 28-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும்; விடை 2.4. நான் கேட்ட படிப்புக்குக் கட்-ஆஃப் 2.5.

இளங்கலைக்கு 40, முதுகலைக்கு 50 என்பது நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பரவலான வழக்கம். அரியர் வைத்தவர்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மறுபடி பேருந்து.

“நாப்பதுன்னு எல்லாருக்கும் தெரியுமே தம்பி, அதுக்கு எதுக்கு சர்டிபிகேட்?”

“ஜெர்மனிக்காரங்களுக்குத் தெரியாதே சார்.”

“அப்படி ஒரு ஃபார்மட்டே எங்ககிட்ட இல்லையே.”

இந்த ஃபார்மட் என்பதுதான் அங்கே சாமி. ஃபார்மட் இல்லாத காகிதம் உலகத்தில் இல்லை. அவர் கெட்டவர் அல்ல. தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் முன்பு யாரும் கேட்காத ஒன்றைத் தன் மேசையிலிருந்து எழுப்பினால் நாளைக்கு யார் கேள்வி கேட்பார்களோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. கல்லூரி முதல்வரிடம் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார். கல்லூரியில் முதல்வர் மறுபேச்சில்லாமல் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தார். அதை அனுப்பினால், பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்திடமிருந்தே வர வேண்டும், கல்லூரிக் கடிதம் ஏற்க இயலாது என்று ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. அந்தக் கடிதத்துக்காகச் செலவான பெட்ரோலும் லீவும் அம்போ.

கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நான் படித்த வருடத்துப் பாடத்திட்டத்தின் பிடிஎஃப்பை இறக்கிப் பார்த்தேன். நாமெல்லாம் நேராக யூனிட் ஒன்றுக்குத் தாவிவிடுவோம் அல்லவா, அதற்கு முன்னால் விதிமுறைகள் என்று சில பக்கங்கள் இருக்கும். அதில் தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பெண் 40 என்று தெளிவாக ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. புதிதாகச் சான்றிதழ் எழுதத்தான் ஃபார்மட் வேண்டும். அவர்களே அச்சிட்ட பக்கத்துக்குச் சான்றொப்பம் போட எந்த ஃபார்மட்டும் வேண்டாம்.

இந்த முறை அதே ஊழியரிடம் போகவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னபடி, உள்ளே மூன்றாவது மேசையில் இருக்கும் கண்காணிப்பாளர் அம்மாவிடம் போனேன். அச்செடுத்த பக்கத்தை நீட்டி, “மேடம், இது உங்க ரெகுலேஷன்தான்னு ஒரு அட்டெஸ்டேஷன் மட்டும் போதும்” என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுப் பக்கத்தையும் படித்தார். 40 என்ற வரிக்கு அடியில் பென்சிலால் லேசாகக் கோடு இழுத்தார். பீரோவிலிருந்து பழைய விதிமுறைப் புத்தகத்தை எடுத்து, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு சீலை எடுத்தால் இங்க் பேட் காய்ந்து கிடந்தது. தண்ணீர் பாட்டில் மூடியிலிருந்து இரண்டு சொட்டு விட்டு, பழைய சலான் ஒன்றின் மேல் குத்திப் பார்த்தார். முதல் தடவை பாதி வட்டம்தான் விழுந்தது. அடுத்தது சரியாக விழுந்ததும், என் காகிதத்தில் குத்தி, தானே எடுத்துக்கொண்டு உதவிப் பதிவாளர் அறைக்குப் போய்ப் பச்சை மையில் கையெழுத்து வாங்கி வந்துவிட்டார். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வாங்கிக்கொண்டு நகரப் போனவனை அவரே நிறுத்தினார். “தம்பி, சீல் தமிழ்ல இருக்கு, அங்க படிப்பாங்களா?” எனக்குத் தோன்றவே இல்லை. பதவிப் பெயர், பல்கலைக்கழகப் பெயர் இரண்டும் ஆங்கிலத்தில் இருக்கும் இன்னொரு சீலையும் பக்கத்தில் குத்திக் கொடுத்தார். அந்த ஒரு கேள்வியால் எனக்கு இன்னொரு இரவுப் பேருந்து மிச்சம்.

ஸ்கேன் செய்து அனுப்பினேன். 2.4 என்று கணக்கிட்டுக் கொஞ்ச நாளில் பதில் வந்தது, அப்புறம் சேர்க்கைக் கடிதம்.

கன்சல்டன்சிக்காரர் சொன்ன ‘வெளிய மதிப்பு கம்மி’ எனக்கு இப்போது வேறு மாதிரி கேட்கிறது. 1913-ல் பட்டமே வாங்காத ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். சி.வி. ராமனும் சந்திரசேகரும் அதே பல்கலைக்கழகத்தின் கீழ் மாநிலக் கல்லூரியில் படித்தவர்கள். அந்தப் பெயர் வெளியே இன்னும் நிற்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் காலியான துணைவேந்தர் பதவி, ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் நெடுநாள் நிரப்பப்படாமல் கிடந்தது. பட்டமளிப்பு தள்ளிப்போனால், வேலையையோ சேர்க்கையையோ கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவன்தான் அடிபடுகிறான். என் பட்டச் சான்றிதழ் அதற்கெல்லாம் முன்பே கைக்கு வந்துவிட்டது, தப்பித்தேன். ஜெர்மனியில் ஒருவரும் என் பல்கலைக்கழகத்தைச் சந்தேகப்படவில்லை. தன் விதிமுறை இதுதான் என்று தானே கையெழுத்துப் போடத் தயங்கியது என் பல்கலைக்கழகம்தான்.

இனி சில்லறை விஷயங்கள். டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும்போதே கூடுதல் பிரதிகள் வாங்கிவிடுங்கள், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கனடாவுக்காக வேர்ல்டு எஜுகேஷன் சர்வீசஸ் என்ற நிறுவனத்தில் தங்கள் படிப்பை மதிப்பீடு செய்துகொள்கிறவர்களுக்கு மூடிய கவர் தேவைப்படலாம். கவரை ஒட்டிய இடத்தின் மேலேயே சீல் விழுந்திருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். ஆங்கில வழியில் படித்ததற்கான சான்றிதழைக் கல்லூரியில் கொடுத்தால் போதும் என்று சில இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள், சில இடங்களில் பல்கலைக்கழகத்திடமிருந்தே கேட்கிறார்கள். எனக்குப் பாக்கி இருக்கும் காகிதம் அதுதான். அதற்கு ஃபார்மட் இருக்கிறதாம். விசாரித்துவிட்டேன்.

பாடத்திட்டப் பிடிஎஃப்பை மட்டும் இன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேர்ந்த வருடத்துக்கானது வேண்டும். தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று பழையதையெல்லாம் தூக்கிவிடுகிறார்கள். விதிமுறைப் பக்கத்தில் இரண்டு பிரதி எடுத்து, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போய்விடுங்கள்.